தொகுதியே இல்லாத சட்டமன்றத் தேர்தல்: குவாசுலு-நட்டால் 2024 முடிவைப் படிப்பது எப்படி?

2024 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தென்னாப்பிரிக்கத் தேர்தல் முடிவுகளை ஆணையம் முறைப்படி அறிவித்துக்கொண்டிருந்தது. டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் பார்த்து கும்பகோணத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். அவருக்கும் அந்த வாரம் முழுக்கத் தேர்தல் நினைப்புதான். ஜூன் 4 அன்று இந்தியாவில் மக்களவைத் தேர்தல் ஓட்டுகளை எண்ணவிருந்தார்கள்.

"உங்க ஊர்லயும் ரிசல்ட் வந்துருச்சாமே. உங்க தொகுதியில யாரும்மா ஜெயிச்சா?"

"தொகுதின்னு ஒண்ணு இங்க கிடையாது சித்தப்பா."

"என்னம்மா சொல்ற? தொகுதி இல்லாம எம்.எல்.ஏ. எப்படி வருவாரு?"

நியாயமான கேள்வி. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன். அன்றைக்குப் போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அவருக்காகவும், தமிழ்நாட்டுத் தேர்தலைப் பார்த்துப் பழகிய கண்ணோடு இந்த ஊர் முடிவைப் பார்த்துக் குழம்புகிற எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு பொருத்தம் பார்த்துவிடலாம். இந்தியாவில் மாநிலம் என்பதை இங்கே மாகாணம் என்கிறோம். மொத்தம் ஒன்பது மாகாணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டமன்றம் உண்டு. முதல்வருக்கு இங்கே பிரீமியர் என்று பெயர். டர்பன் இருக்கிற மாகாணம் குவாசுலு-நட்டால். இதன் சட்டமன்றம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அதே ஊர்தான். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அதே ஊர்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாகாணச் சாலை, சமூக நலம் எல்லாம் மாகாண அரசின் கையில். போலீசும் நீதிமன்றமும் தேசிய அரசின் கையில்.

நாடாளுமன்றத் தேர்தலும் மாகாணத் தேர்தலும் ஒரே நாளில் நடக்கும். 2024-இல் அது மே 29, புதன்கிழமை. காலை ஏழு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பது மணிவரை ஓட்டுப் போடலாம். ஒன்பது மணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தால் எத்தனை மணியானாலும் போட்டுவிட்டுத்தான் போகலாம். அந்த வருடம் பல சாவடிகளில் நடுராத்திரி தாண்டியும் வரிசை நின்றது. முதல் தடவையாக ஆளுக்கு மூன்று வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். ஒன்று நாடாளுமன்றத்துக்குத் தேசிய அளவில் போடுவது. இன்னொன்றும் நாடாளுமன்றத்துக்குத்தான், ஆனால் நம் மாகாணத்தின் பங்குக்கு. மூன்றாவது மாகாணச் சட்டமன்றத்துக்கு. இங்கே நான் பேசப்போவது அந்த மூன்றாவது சீட்டைப் பற்றி மட்டும்தான்.

எங்கள் தெருவில் இருக்கிற ஆயா ஒருவருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. சாவடிக்கு நடக்க முடியாதவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்தால், தேர்தலுக்கு முந்தைய இரண்டு நாட்களில் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிக்கொள்வார்கள். அப்படி வந்தபோது நான் பக்கத்து அறையில் இருந்தேன். அவர் மூன்று சீட்டிலும் பேனாவால் பெருக்கல் குறி போட்டு, மடித்து, உறைக்குள் போட்டார். பேர் எழுதாத அந்த உறையை, அவருடைய விவரம் எழுதிய இன்னொரு உறைக்குள் வைத்தார்கள். யார் ஓட்டுப் போட்டார் என்பது பதிவாகும், யாருக்குப் போட்டார் என்பது தெரியாது. அதற்காகத்தான் அந்த இரட்டை உறை. பிறகு இடதுகைக் கட்டைவிரல் நகத்தில் மை வைத்தார்கள். அவர்கள் போன பிறகு ஆயா என்னைக் கூப்பிட்டு அந்த விரலைக் காட்டினார். "என் அம்மாவுக்கு இது கெடைக்கவே இல்ல கண்ணு" என்றார்.

அந்த வார்த்தைக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் வந்து நின்றது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் கூட்டம் அது. 1896-இல் நட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. அதில் இந்தியர் என்ற சொல்லே இருக்காது. தேர்தல் வழியாக அமைந்த நாடாளுமன்றம் இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஓட்டுரிமை இல்லை என்றுதான் இருக்கும். அப்படிச் சுற்றி வளைத்து எழுதியே நம் ஆட்களை வெளியே தள்ளிவிட்டார்கள். 1984-இல் நிறவெறி அரசு இந்தியருக்கென்று தனியாக ஓர் அவையை வைத்து, கறுப்பின மக்களை ஒரேயடியாக வெளியே நிறுத்திவிட்டு, வந்து ஓட்டுப் போடுங்கள் என்றது. ஆகஸ்ட் 28 அன்று நடந்த அந்தத் தேர்தலில், பதிவு செய்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் போய்ப் போட்டார். மற்றவர்கள் புறக்கணித்தார்கள். ஆயாவும் அன்றைக்குப் போகவில்லை. அவர் போட்ட முதல் ஓட்டு 1994 ஏப்ரலில்தான், எல்லோரோடும் ஒரே வரிசையில் நின்று. அப்போது அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது.

சரி, சீட்டுக்கு வருவோம். மாகாணச் சட்டமன்றச் சீட்டில் கட்சியின் பெயர், சின்னம், தலைவரின் முகம் இருக்கும். வேட்பாளர் பெயர் இருக்காது. 2020-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு சுயேச்சைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். வேட்பாளர்களில் அவர்கள் பெயர் மட்டும்தான் சீட்டில் வரும். சாட்ஸ்வொர்த்தில் கொடுக்கிற சீட்டும், வடக்கே சுலுலாந்துக் கிராமத்தில் கொடுக்கிற சீட்டும் ஒன்றுதான். மாகாணம் முழுவதும் ஒரே தொகுதி என்று வைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். அந்த ஒரே தொகுதியிலிருந்து 80 பேர் சட்டமன்றத்துக்குப் போகிறார்கள்.

எந்த 80 பேர்? தேர்தலுக்கு முன்பே ஒவ்வொரு கட்சியும் தன் ஆட்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் கொடுத்துவிட வேண்டும். கட்சிக்குப் பத்து இடம் கிடைத்தால் பட்டியலில் முதல் பத்துப் பேர் உள்ளே போவார்கள். பதினோராவது ஆள் காத்திருப்பார். வரிசையை மாற்றுகிற உரிமை வாக்காளருக்கு இல்லை. ஒரு உறுப்பினர் இறந்துபோனால் இடைத்தேர்தல் கிடையாது. பட்டியலில் அடுத்து நிற்பவர் உள்ளே வருவார். கட்சியை விட்டு விலகினால் பதவியும் போய்விடும். இடம் கட்சிக்குச் சொந்தம், அதில் உட்காருகிறவருக்கு இல்லை. கட்சித் தாவல் வழக்குகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இந்த ஒரு ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. நடுவில் சில வருடங்கள் தாவலாம் என்று அனுமதித்துப் பார்த்துவிட்டு, 2009-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இனி கணக்கு. ஓட்டு எப்படி இடமாக மாறுகிறது?

ஒரு இடத்துக்கு ஒரு விலை வைக்கிறார்கள். இதைச் சட்டத்தில் கோட்டா என்பார்கள். நம் ஊரில் இட ஒதுக்கீட்டைக் கோட்டா என்று சொல்வதால் குழப்பம் வரும். அதனால் விலை என்றே சொல்கிறேன். செல்லுபடியான மொத்த ஓட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்த இடங்களோடு ஒன்றைக் கூட்டி, அந்த எண்ணால் வகுக்க வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவதைத் தள்ளிவிட்டு, கிடைத்ததோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். அதுதான் ஒரு இடத்தின் விலை.

கற்பனையாக ஒரு குட்டி மாகாணம் வைத்துக்கொள்வோம். 10 இடங்கள், 1,100 ஓட்டுகள், ஐந்து கட்சிகள். வாழைக் கட்சிக்கு 480, தென்னைக் கட்சிக்கு 330, பனைக் கட்சிக்கு 190, வேம்புக் கட்சிக்கு 70, புளிக் கட்சிக்கு 30 ஓட்டுகள். 1,100-ஐ 11-ஆல் வகுத்தால் 100. ஒன்றைக் கூட்டினால் 101. இதுதான் விலை.

வாழை தன் 480 ஓட்டைக் கொண்டு நான்கு இடம் வாங்கலாம். அதற்கு 404 செலவாகும், மிச்சம் 76. தென்னை மூன்று இடம் வாங்கலாம், மிச்சம் 27. பனை ஒரு இடம், மிச்சம் 89. வேம்புக்கும் புளிக்கும் முழு விலை கொடுக்க முடியாது. அவர்களிடம் இருக்கிற 70-உம் 30-உம் அப்படியே மிச்சம்தான். இதுவரை எட்டு இடம் போயாயிற்று. இன்னும் இரண்டு இருக்கின்றன. இவை மிச்சம் அதிகமாக வைத்திருப்பவருக்குப் போகும். பனையிடம் 89, அவருக்கு ஒன்று. அடுத்து வாழையிடம் 76, அவருக்கு ஒன்று. வேம்பு 70 வைத்துக்கொண்டு வெறுங்கையோடு நிற்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாழைக்குப் போட்டவர்களில் நாலே நாலு பேர் மனம் மாறி வேம்புக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாழையின் மிச்சம் 72, வேம்பின் ஓட்டு 74. கடைசி இடம் வேம்புக்கு வந்திருக்கும். 1,100 பேரில் நாலு பேர். முழு விலை கொடுத்து வாங்கும் இடங்களில் பெரிதாக ஒன்றும் நடக்காது. இந்த முறையின் உயிர் மிச்சக் கணக்கில்தான் இருக்கிறது.

இப்போது நிஜக் கணக்கைப் போடலாம். குவாசுலு-நட்டாலில் 80 இடம் என்பதால் 81-ஆல் வகுக்கிறோம். அப்படியென்றால் ஒரு இடத்தின் விலை மொத்த ஓட்டில் சுமார் 1.23 சதவீதம். ஒரு கட்சியின் சதவீதத்தை 0.81-ஆல் பெருக்கினால் எத்தனை இடம் வாங்கும் சக்தி அதற்கு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த எண்ணில் புள்ளிக்கு முன்னால் இருப்பது முழு விலை கொடுத்து வாங்கிய இடம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது மிச்சம்.

உம்கோன்டோ வெ சிஸ்வே கட்சிக்கு 45.35 சதவீதம். எல்லோரும் எம்.கே. என்றே சொல்வார்கள்; முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா தலைமை தாங்கிய கட்சி. 2023 டிசம்பரில்தான் தொடங்கியது. ஆறு மாதம்கூட ஆகாத கட்சி மாகாணத்தில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. பெருக்கிப் பார்த்தால் 36.73. அடுத்து இன்காத்தா விடுதலைக் கட்சி, அதாவது ஐ.எஃப்.பி., 18.07 சதவீதம், பெருக்கினால் 14.64. மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ், அதாவது ஏ.என்.சி., 16.99 சதவீதம், 13.76. டி.ஏ. என்கிற ஜனநாயகக் கூட்டணி 13.36 சதவீதம், 10.82. இ.எஃப்.எஃப். என்கிற பொருளாதார விடுதலைப் போராளிகள் கட்சி 2.26 சதவீதம், 1.83.

புள்ளிக்கு முன்னால் இருப்பதை மட்டும் கூட்டுங்கள். 36, 14, 13, 10, 1. மொத்தம் 74. மீதி ஆறு இடங்கள் மிச்சக் கணக்குக்குப் போகின்றன. மிச்சத்தை வரிசைப்படுத்தினால் இ.எஃப்.எஃப். 0.83, டி.ஏ. 0.82, ஏ.என்.சி. 0.76, எம்.கே. 0.73, ஐ.எஃப்.பி. 0.64. ஐந்து கட்சிக்கும் ஆளுக்கு ஒன்று. ஆக எம்.கே. 37, ஐ.எஃப்.பி. 15, ஏ.என்.சி. 14, டி.ஏ. 11, இ.எஃப்.எஃப். 2. எழுபத்தொன்பது இடம் முடிந்தது.

எண்பதாவது இடம், கடைசி இடம், என்.எஃப்.பி. என்ற தேசிய சுதந்திரக் கட்சிக்குப் போனது. அந்தக் கட்சி வாங்கிய ஓட்டு ஒரு சதவீதம்கூட இல்லை. ஒரு இடத்தின் முழு விலையில் பாதியைக்கூட அது எட்டவில்லை. ஆனால் மிச்ச வரிசையில் ஆறாவதாக நின்றது, அதுவே போதுமாக இருந்தது. இவ்வளவு சதவீதம் வாங்கினால்தான் உள்ளே வரலாம் என்ற தடுப்பு எதுவும் இந்த நாட்டில் இல்லை.

இதைத் தமிழ்நாட்டோடு வைத்துப் பாருங்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி ஆறரை சதவீதத்துக்கும் மேல் ஓட்டு வாங்கியது. கிடைத்த இடம் பூஜ்யம். ஓட்டு எல்லாத் தொகுதியிலும் சிதறிக் கிடந்தது, எங்கேயும் முதலிடம் வரவில்லை. அதே தேர்தலில் உதயசூரியன் சின்னம் 37.7 சதவீத ஓட்டில் 133 இடங்களைப் பிடித்துத் தனிப்பெரும்பான்மை பெற்றது. அங்கே மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம் ஓட்டிருந்தால் கோட்டையைப் பிடிக்கலாம். இங்கே 45.35 சதவீதம் வாங்கியவர் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார். சித்தப்பாவுக்கு இதுதான் கடைசிவரை ஜீரணமாகவில்லை. "நாப்பத்தஞ்சு வாங்கினவன் வெளியில, பதினெட்டு வாங்கினவன் முதலமைச்சரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஆமாம், அப்படித்தான். ஏனென்றால் பிரீமியரைத் தேர்ந்தெடுப்பது மக்கள் நேரடியாக அல்ல, 80 உறுப்பினர்களும் ரகசிய ஓட்டில். பெரும்பான்மைக்கு 41 வேண்டும். எம்.கே.யிடம் 37. கூட வர ஒப்புக்கொண்ட இ.எஃப்.எஃப்.இன் 2 சேர்ந்தால் 39. எதிர்ப்பக்கம் ஐ.எஃப்.பி. 15, ஏ.என்.சி. 14, டி.ஏ. 11. கூட்டினால் சரியாக 40. நாற்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நாற்பத்தொன்று யாரிடம்? மிச்சக் கணக்கில் கடைசியாக உள்ளே வந்த என்.எஃப்.பி.யின் ஒரே உறுப்பினரிடம். அவர் பெயர் ம்பாலி ஷிங்கா.

ஜூன் 14 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் முதல் கூட்டம். அதே நாளில் கேப்டவுனில் நாடாளுமன்றம் கூடி ராமபோசாவை மறுபடி அதிபராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. நாடு முழுக்கக் கண் அங்கே. எங்கள் வீட்டில் மட்டும் ரிமோட் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே இருந்தது, நட்டாலில் என்ன ஆயிற்று, நட்டாலில் என்ன ஆயிற்று என்று. ஓட்டு ரகசியம் என்பதால் எண்ணி முடிக்கும்வரை யாருக்கும் உறுதியில்லை. முடிவு 41-க்கு 39. ஐ.எஃப்.பி.யின் தாமி ந்துலி பிரீமியர் ஆனார். அவர் அமைத்த நான்கு கட்சி அரசில் ம்பாலி ஷிங்காவுக்குச் சமூக நலத்துறை கிடைத்தது.

ஏ.என்.சி.யின் வீழ்ச்சியையும் இந்த முடிவில் பார்க்காமல் இருக்க முடியாது. 2014-இல் இதே அவையில் 52 இடம். 2019-இல் 44. 2024-இல் 14. ஐந்தே வருடத்தில் முப்பது இடம் போனது. ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடம் என்பதால் இந்தச் சரிவு அப்படியே கண்ணாடி போலத் தெரிகிறது. தொகுதி முறையாக இருந்தால் ஒன்று இதைவிட மோசமாகத் துடைத்து எறியப்பட்டிருக்கும், அல்லது செல்வாக்குள்ள சில இடங்களில் தப்பித்திருக்கும். சரிவின் சரியான அளவு தெரிந்திருக்காது.

இனி, எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். தமிழர்களும் மற்ற இந்திய வம்சாவளியினரும் இந்த மாகாணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற இடங்களில் அடர்த்தியாக இருக்கிறோம். நிறவெறிக் காலத்தில் எங்களை அங்கேதான் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள், அதனால் வந்த அடர்த்தி அது. அமிச்சந்த் ராஜ்பன்சி என்பவர் 1993-இல் மைனாரிட்டி ஃப்ரன்ட் என்ற கட்சியைத் தொடங்கினார். வங்கப் புலி என்று பட்டப்பெயர். 1984-இல் ஊரே புறக்கணித்த அந்த இந்தியர் அவையில் பெரிய பதவி வகித்தவர். அதனால் இன்றும் அவரைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு கருத்து உண்டு. ஆனால் 1994 முதல் 2019 வரை ஆறு தேர்தலிலும் அவருடைய கட்சி மாகாணச் சட்டமன்றத்தில் ஒரு இடமோ இரண்டு இடமோ பிடித்துவந்தது. தொகுதி முறையில்லாமல், பெரிய கட்சி எதன் தோளிலும் ஏறாமல், ஒரு சின்னக் கட்சி கால் நூற்றாண்டு நின்றது இந்த மிச்சக் கணக்கின் தயவால்தான்.

ஒற்றை இடத்தின் பலம் என்ன என்பதற்கு அந்தக் கட்சியே நல்ல உதாரணம். 1999 தேர்தலில் ஏ.என்.சி. நாடாளுமன்றத்தில் 400-க்கு 266 இடம் பிடித்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு 267 வேண்டும். ஒன்று குறைந்தது. மைனாரிட்டி ஃப்ரன்டிடம் இருந்ததோ ஒரே இடம். இருவரும் கைகோத்தார்கள், 267 ஆயிற்று. அதே வருடம் எங்கள் மாகாணத்திலும் ஐ.எஃப்.பி.க்கு 34, ஏ.என்.சி.க்கு 32, மைனாரிட்டி ஃப்ரன்டுக்கு 2. இரண்டு யானைகளுக்கு நடுவில் அந்த இரண்டு இடத்துக்கு இருந்த மதிப்பை யோசித்துப் பாருங்கள்.

ராஜ்பன்சி 2011 டிசம்பரில் காலமானார். 2014-இல் ஒரு இடம். 2019-இலும் ஒன்று. 2024-இல் ஒன்றும் இல்லை. எம்.கே.யைக் கண்ட பயத்தில், ஓட்டு வீணாகக் கூடாது என்று எங்கள் பகுதியில் பலரும் டி.ஏ. பக்கம் போய்விட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஓட்டு வீணாகும் என்ற பேச்சு தொகுதி முறையில் நியாயம். இங்கே அது பெரும்பாலும் நியாயமில்லை. கடைசி இடத்துக்கான விலை முழு விலையில் பாதிக்கும் கீழே இறங்கியதை மேலே பார்த்தோம். ஒரு சின்னக் கட்சியை நம்புகிற பல ஆயிரம் பேர் ஒன்றாக நின்றாலே அந்த மிச்ச வரிசையில் போட்டியிட முடியும். இதைத் தெரிந்து போடுவதும் தெரியாமல் போடுவதும் ஒன்றல்ல. இந்தக் கட்டுரையை எழுதியே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது இதனால்தான்.

மைனாரிட்டி ஃப்ரன்ட் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. தமிழ் ஆட்கள் டி.ஏ.யிலும் ஏ.என்.சி.யிலும் பட்டியலில் இருக்கிறார்கள். இந்த நாட்டு அரசியல் சாசனமே தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது ஆகியவற்றைப் பெயர் சொல்லி, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகள் என்று எழுதி வைத்திருக்கிறது. யாருக்குப் போடுவது என்பது அவரவர் விருப்பம். போட்ட ஓட்டு எந்த வழியாக எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குறை இல்லாத முறையா என்றால், இல்லை. மழை வெள்ளத்தில் எங்கள் தெருவுக்கு மேலே இருக்கிற கரை சரிந்தபோது யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நின்றோம். மாநகராட்சியில் வார்டு உறுப்பினர் உண்டு. அங்கே பாதிப் பேர் வார்டிலிருந்தும் பாதிப் பேர் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். ஆனால் மாகாண அளவில் இவர் எங்கள் ஊர் ஆள், இவரை அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கட்சிகள் தங்கள் உறுப்பினர்களுக்கு ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுத்து அங்கே ஒரு அலுவலகம் வைப்பதுண்டு. அது கட்சியின் ஏற்பாடு. நாம் தேர்ந்தெடுத்தது இல்லை. உறுப்பினரின் பயம் பட்டியலை எழுதுகிற கட்சித் தலைமையிடம்தான், நம்மிடம் இல்லை.

இதற்கு ஒரு வழி 2003-லேயே சொல்லப்பட்டது. தேர்தல் முறையை ஆராய அமைத்த, வான் சில் ஸ்லாபர்ட் தலைமையிலான குழுவின் பெரும்பான்மை உறுப்பினர்கள், நாடாளுமன்றத்துக்கு நாட்டை 69 தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் பல உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கலாம், அப்படி 300 இடம். மீதி 100 இடத்தைப் பட்டியலிலிருந்து நிரப்பி ஓட்டு விகிதத்தைச் சரிசெய்துவிடலாம் என்றார்கள். விகிதமும் கெடாது, ஊர் ஆளும் கிடைப்பார். அதை அன்றைய அரசு எடுத்துக்கொள்ளவில்லை. மாகாணத்துக்கும் அதே போன்ற ஏற்பாடுதான் சரி என்பது என் எண்ணம். சுயேச்சைகளை அனுமதித்ததால் மட்டும் இந்தக் குறை தீராது. மாகாணம் முழுக்க ஓட்டுத் திரட்ட ஒரு தனி ஆளால் எப்படி முடியும்? மூன்று இடத்துக்குரிய ஓட்டு வாங்கினாலும் சுயேச்சைக்கு ஒரே இடம்தான், மீதி ஓட்டு போனது போனதுதான். 2024-இல் எங்கள் சட்டமன்றத்துக்கு ஒரு சுயேச்சைகூட வரவில்லை.

முடிவைப் பார்க்கும் விதத்தைப் பற்றி ஒரு விஷயம். இங்கே ஓட்டை ஓரிடத்துக்குக் கொண்டுபோய் எண்ணுவதில்லை. போட்ட சாவடியிலேயே, கதவைச் சாத்தியதும் எண்ணத் தொடங்குவார்கள். கட்சிக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். முடிந்ததும் முடிவுத்தாள் ஒன்றை எழுதிக் கையெழுத்து வாங்கி, அதன் நகலைச் சாவடி வாசலில் ஒட்டிவிடுவார்கள். அடுத்த நாள் காலை எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் அந்தத் தாள் பனியில் லேசாகச் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கட்சிக்கு நேராகவும் கையால் எழுதிய எண். எங்கள் தொகுதி முடிவு என்று இந்த ஊரில் ஏதாவது இருக்கிறதென்றால் அந்தத் தாள்தான். அதை போட்டோ எடுத்துச் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்புறம் ஆயா வீட்டுக்குப் போய், கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே படித்துப் பார்க்கும்படி போனில் பெரிதாக்கிக் காட்டினேன். மாகாணச் சீட்டின் கணக்கில் ஒரு கட்சிக்கு நேராக விரலை வைத்து, "இதுல ஒண்ணு என்னுது" என்றார். எந்தக் கட்சி என்று நான் பார்க்கவில்லை.